பாங்கு ஒலிக்கும் பூசை: பெர்லினில் இரண்டாயிரம் பேர் பாடியதை ரங்கூனில் பார்த்தோம்

கார்ல் ஜென்கின்ஸ் எழுதிய 'தி ஆர்ம்டு மேன்' என்ற கிறிஸ்தவப் பூசை இசையில் பன்னிரண்டாம் பகுதியை மட்டும் பல வருஷமாகக் கேட்டுவந்தேன். அதற்குப் 'பெனடிக்டஸ்' என்று பெயர். செல்லோ தனியாகத் தொடங்கும், பாடகர்கள் மெல்லச் சேருவார்கள், கண் கலங்கும். யார் வீட்டில் துக்கம் என்றாலும் அதைத்தான் கைபேசியில் அனுப்புவேன். எங்கள் கோயில் பாடகர் குழுவில் பலரும் அப்படித்தான். முழுப் பூசையும் பதின்மூன்று பகுதி என்பது தெரியும். மற்ற பன்னிரண்டையும் உட்கார்ந்து கேட்க நேரம் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

போன மாதம் கோலாலம்பூரில் வேலை பார்க்கும் அக்கா மகன் ஊருக்கு வந்தபோது பென் டிரைவில் முழு நிகழ்ச்சியையும் கொண்டுவந்தான். 2018 நவம்பர் 2 அன்று பெர்லினில் ஜென்கின்ஸ் தானே நின்று நடத்திய கச்சேரி. முதல் உலகப் போர் முடிந்து நூறாண்டு ஆனதை நினைத்து நடத்தியது. ஏறக்குறைய முப்பது நாடுகளிலிருந்து வந்த சுமார் இரண்டாயிரம் பாடகர்கள், கூட 'வேர்ல்டு ஆர்கெஸ்ட்ரா ஃபார் பீஸ்' வாத்தியக் குழு. இந்தக் குழுவை 1995இல் ஐக்கிய நாடுகள் சபையின் ஐம்பதாம் ஆண்டுக்காக உருவாக்கியவர் இசை நடத்துநர் ஜார்ஜ் சோல்டி. பல தேசத்து வாத்தியக்காரர்கள் ஒன்றுகூடி வாசிக்கும் குழு அது. இங்கே இணையம் இழுத்து இழுத்து நிற்பதால் பென் டிரைவில் வந்தது பெரிய உபகாரம்.

பார்த்தது கோயில் கூடத்தில். சனிக்கிழமை மூன்று மணிக்கு மின்சாரம் இருக்காது என்று தெரிந்தே வைத்தோம், இன்வெர்ட்டர் பேட்டரியை முதல் நாள் இராத்திரியே ஏற்றி வைத்திருந்தோம். மின்விசிறியை நிறுத்தினால் படமும் ஒலிபெருக்கியும் ஒன்றரை மணி நேரம் தாங்கும். பூசை ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஒலிபெருக்கி இரண்டும் பக்கத்துத் தெருவில் ரேடியோ, டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கும் பாய் கொடுத்தது. ஒயரை நானே இழுத்துவிடுகிறேன், நீங்கள் தொட வேண்டாம் என்று அவரே வந்துவிட்டார். குழுவில் பதினொரு பேர், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள், சாமியார், எனக்குச் சொல்ஃபா, அதாவது டோ, ரே, மி என்று எழுத்தால் சுரம் குறிக்கும் முறையைக் கற்றுக்கொடுத்த கரேன் இனத்து சயாமா (டீச்சர்). சயாமா பாப்டிஸ்ட் சபை, வயது எழுபத்திரண்டு. எந்தப் பாட்டைக் கேட்டாலும் விரலால் முழங்காலில் தட்டிக்கொண்டே சுரத்தைச் சொல்லிவிடுவார்.

ஆங்கிலமும் லத்தீனும் எல்லாருக்கும் புரியாது என்பதால் ஒவ்வொரு பகுதிக்கும் நாலைந்து வரி தமிழில் எழுதி நகல் எடுத்துக் கொடுத்தேன். நீங்கள் பார்ப்பதாக இருந்தால் இதை மட்டும் செய்துவிடுங்கள். சொல் தெரியாமல் இந்தப் பூசையைக் கேட்டால் பாதி போய்விடும். வழக்கமான பூசைப் பாட்டு என்றால் சொல் நமக்குத் தெரிந்ததுதான். 'ஆண்டவரே இரக்கமாயிரும்', 'தூயவர் தூயவர்', 'உலகின் பாவம் போக்கும் இறைவனின் செம்மறியே' என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். இங்கே பெனடிக்டஸையும் சேர்த்து நாலு ஜெபங்களுக்கு நடுவே வேறு வேறு ஊர்க்காரர்களின் சொற்கள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. பூசையில் வர வேண்டிய 'உன்னதங்களிலே' கீதம் இல்லை, விசுவாசப் பிரமாணமும் இல்லை. சாமியார் அதை முதலிலேயே கவனித்துவிட்டார். "மகிமைப் பாட்டே வைக்கலையா?" என்று கேட்டார். வைக்கவில்லை. போரைப் பற்றிய பூசையில் அதற்கு இடமில்லை என்று ஜென்கின்ஸ் நினைத்திருப்பார் என்பது என் ஊகம். எனக்கு அது சரியாகவே பட்டது.

ஜென்கின்ஸ் வேல்ஸ் நாட்டுக்காரர், 1944இல் பிறந்தவர். அவருடைய அப்பா ஊர்க் கோயிலில் ஆர்கன் வாசித்து, பாடகர் குழுவை நடத்தியவர். வேல்ஸ் நாட்டுக் கோயில்களிலும் நம் கரேன், சின் சபைகளில் இருப்பது போலவே சொல்ஃபா எழுத்தைப் பார்த்துத்தான் சாதாரண ஜனங்கள் நாலு குரலில் பாடப் பழகினார்கள். சுரங்கத் தொழிலாளிகள் பாடிய பாட்டு அது. இதைச் சொன்னதும் சயாமாவுக்கு அவர் உறவுக்காரர் மாதிரி ஆகிவிட்டார். இந்தப் பூசையை எழுதச் சொன்னது இங்கிலாந்தின் ராயல் ஆர்மரீஸ் என்ற ஆயுத அருங்காட்சியகம், புத்தாயிரத்துக்காக. வாளும் துப்பாக்கியும் சேர்த்து வைத்திருக்கும் இடம் சமாதானத்துக்குப் பூசை கேட்டது. முதலில் பாடியது 2000 ஏப்ரலில், லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில். கொசோவோ போரில் செத்தவர்களுக்குக் காணிக்கையாக வைத்தார். இசைத்தட்டு வெளிவந்தது 2001 செப்டம்பர் 10. மறுநாள் நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்தன.

பூசை காலடிச் சத்தத்தில் தொடங்குகிறது. படை நடக்கும் காலடி. அதன்மேல் முரசு, குழல், பிறகு பிரெஞ்சில் பழைய பாட்டு. பதினைந்தாம் நூற்றாண்டுப் பாட்டு அது. ஆயுதம் தரித்தவனைக் கண்டு அஞ்ச வேண்டும், ஆளுக்கொரு இரும்புக் கவசம் மாட்டிக்கொள்ளுங்கள் என்று எங்கும் அறிவித்தாயிற்று என்பது பொருள். அந்த மெட்டை வைத்து டுஃபாய், ஜோஸ்கன், பலஸ்திரினா என்று அக்காலத்துப் பெரிய மேதைகள் பலர் பூசை எழுதியிருக்கிறார்கள். படிக்கும்போது இதெல்லாம் எனக்குச் சரித்திரமாக இருந்தது. கூடத்தில் இருட்டில் உட்கார்ந்து, நானே எழுதிய தாளில் 'ஆளுக்கொரு கவசம்' என்ற வரியைப் பார்த்தபோது என் தலை தானாக டெனர் (ஆண்களின் மேல் குரல்) பாடும் பையன்கள் உட்காரும் பக்கம் திரும்பியது. இரண்டு வருஷத்துக்கு முன் நாலு பேர் இருந்தார்கள். இப்போது ஒருவன். அவனும் அம்மாவை ஒட்டி உட்கார்ந்திருந்தான். எங்கே போனார்கள் என்று இங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை.

அடுத்தது பாங்கு. உண்மையான பாங்கு, அரபு மொழியில், தொழுகைக்கு அழைப்பவர் ஒருவரே நின்று சொல்கிறார். வாத்தியம் கிடையாது. இரண்டாயிரம் பேரும் வாய் மூடி நிற்கிறார்கள். கச்சேரி முழுவதிலும் மனிதக் குரல் தனியாக, துணையில்லாமல் இவ்வளவு நேரம் ஒலிப்பது இந்த இடத்தில்தான். பாய் அப்போது ஒலிபெருக்கிக்குப் பின்னால் குனிந்து ஒயரைச் சரிசெய்துகொண்டிருந்தார். பாங்கு கேட்டதும் கை அப்படியே நின்றது. மெதுவாக எழுந்து, சட்டைப் பையிலிருந்து தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் அவர் உதடு அசைந்தது. முடிந்ததும் என்னிடம் குனிந்து, "யக்கா, நம்ம பாங்கை உங்க பூசைக்குள்ள வச்சிருக்காங்களா?" என்றார். ஆமாம் என்றேன். ஒயர் வேலை முடிந்ததும் கடைக்குப் போய்விடுவேன் என்று சொல்லி வந்தவர் கடைசி வரை எழுந்திருக்கவில்லை.

இந்தப் பகுதியை விட்டுவிட்டுப் பாடும் குழுக்கள் உண்டு. கோயிலுக்குள் பாங்கு வேண்டாம் என்று சில இடங்களில் மறுத்திருக்கிறார்கள். எனக்கு இதில் மாற்றுக் கருத்தே கிடையாது: பாங்கை எடுத்துவிட்டால் இது இந்தப் பூசையே அல்ல. ரங்கூனில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சூலே பகோடாவைச் சுற்றி ஒரு நடை நடந்தால் பகோடா மணி, எதிரே பள்ளிவாசல் பாங்கு, அந்தப் பக்கம் இம்மானுவேல் பாப்டிஸ்ட் சபை, கொஞ்சம் தள்ளி அனாரத்தா சாலையில் நம் ஆட்கள் கட்டிய காளி கோயில் என்று எல்லாம் ஒரே காதில் விழும். பெர்லின்காரர்கள் மேடை போட்டுச் செய்ததை நாங்கள் மீன் வாங்கப் போகும்போது கேட்கிறோம். ஆனாலும் இரண்டாயிரம் பாடகர்கள் அதற்குக் காத்து நிற்பதைக் கண்ணால் பார்த்தது வேறு.

அதற்குப் பின் 'ஆண்டவரே இரக்கமாயிரும்' வருகிறது. நடுவில் 'கிறிஸ்துவே இரக்கமாயிரும்' என்ற வரிகளைப் பலஸ்திரினாவின் பாணியில், ஒரு குரல் பின்னால் இன்னொரு குரல் நுழையும்படி எழுதியிருக்கிறார். பாடுகிறவர்கள் இந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்க வேண்டும். எங்கள் குழுவில் எப்போதும் உள்ள குறை, ஆல்டோ நுழையும்போது சொப்ரானோ இன்னும் சத்தமாகத் தொடர்ந்துகொண்டிருப்பது. இதில் முந்தைய குரல் தணிந்து வழி விடுவதைக் கேளுங்கள். ஒருவர் உள்ளே வரும்போது மற்றவர் ஒதுங்கி நிற்பது போல. சயாமா முழங்காலில் தட்டிக்கொண்டே, "கேட்டீங்களா? கேட்டீங்களா?" என்று பர்மியச் சொல்லில் என் பக்கம் திரும்பித் திரும்பிச் சொன்னார்.

குறை ஒன்று இங்கேதான் தெரிந்தது. இரண்டாயிரம் பேர் என்பது விளையாட்டு அரங்கத்துக்கு ஏற்ற எண்ணிக்கை. பாடியதும் பெரிய உள்ளரங்கில்தான். அப்போது அதற்கு மெர்சிடிஸ் பென்ஸ் அரீனா என்று பெயர், இப்போது ஊபர் அரீனா. அவ்வளவு பெரிய கூட்டத்தில் மெய்யெழுத்துகள் ஒன்றாக விழுவது கஷ்டம். இந்தப் பின்னல் இசை நாற்பது பேர் கல் கோயிலில் நின்று பாடினால் ஒவ்வொரு நூலும் தெரியும். இங்கே நூல் மங்கித் துணியாகிவிடுகிறது. தையல்காரி என்பதால் எனக்கு அப்படித்தான் சொல்ல வருகிறது. பத்தாவதாக வரும் 'இறைவனின் செம்மறியே' பகுதியிலும் அதே மனக்குறை. ரகசியமாகக் கேட்க வேண்டிய ஜெபம் பெருத்துப் போய்விட்டது.

ஆனால் அதே கூட்டம் 'தூயவர் தூயவர்' பகுதிக்கு என்ன பலம் கொடுக்கிறது! நம் கோயில்களில் 'தூயவர்' என்றால் மணி அடித்து மலர் தூவும் இடம். ஜென்கின்ஸ் அதற்கு அடியில் போர் முரசை வைத்திருக்கிறார். தேவதூதர்கள் பாடும் வார்த்தைகள் மேலே, கீழே படை கிளம்புகிற அடி. கடவுள் பெயரைச் சொல்லிக்கொண்டே படை புறப்படுகிறது. கேட்கவே பயமாக இருந்தது, பயமாக இருக்க வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறார். அதற்கு முந்திய சங்கீதப் பகுதியில் ஆண் குரல்கள் மட்டும், பழைய துறவிகள் ஓதுவது போல, இரத்தப்பிரியரிடமிருந்து எங்களைக் காப்பாற்றும் என்று கேட்டு முடித்ததும் முரசு ஒரே ஓர் அடி. சின்ன ஒலிபெருக்கியில் கேட்டால் அந்த அடி வெறும் தட்டாகக் கேட்கும். கைபேசியில் பார்க்காதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

ஆறாம் பகுதியின் வரிகள் ஆங்கிலக் கவிஞர் கிப்லிங்குடையவை, போருக்குப் போகுமுன் சொல்லும் ஜெபம். மோல்மேன் பகோடாவைப் பாட்டில் வைத்து நம் ஊரை உலகத்துக்குச் சொன்ன அதே கிப்லிங். அவருடைய ஒரே மகன் 1915இல் முதல் உலகப் போரில் இறந்தான். இதைத் தாளில் ஒரு வரியாக எழுதியிருந்தேன். அந்த டெனர் பையனின் அம்மா அந்த வரியை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

ஏழாவது 'சார்ஜ்'. பாய்ந்து செல்லுங்கள் என்று எக்காளம் முழங்கத் தொடங்குகிறது. நடுவில் பெண் குரல்கள், தேசத்துக்காகச் சாகிறவன் பாக்கியவான் என்று இனிமையாகப் பாடுகின்றன. அந்த இனிமைதான் நெஞ்சை அறுக்கிறது. பிறகு மறுபடி பாய்ச்சல், மேலும் மேலும் ஏறி, கடைசியில் பாட்டு பாட்டாக இல்லாமல் சிதறி அலறலாகிறது. இரண்டாயிரம் தொண்டையின் அலறல். இங்கே மெய்யெழுத்து சேர்ந்து விழ வேண்டிய அவசியமே இல்லை. கூட்டத்தின் குழப்பமே இசை. பிறகு, ஒன்றுமில்லை. சத்தம் அறுந்து அமைதி.

எங்கள் கூடத்தில் அந்த அமைதியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பின்வரிசையில் இருந்த பேஸ் பாடும் அண்ணன் எழுந்து, இருட்டில் தடவித் தடவி இன்வெர்ட்டர் பக்கம் போனார். பேட்டரி போய்விட்டது என்று நினைத்துவிட்டார். இந்த ஊரில் சத்தம் நின்றால் எங்களுக்கு முதலில் தோன்றுவது அதுதான். திரையில் படம் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்து நின்றார். அவர் திரும்பி வந்து உட்காருவதற்குள் 'லாஸ்ட் போஸ்ட்' எக்காளம் கேட்டது. இராணுவ அடக்கத்தில் ஊதும் அதே இசை. அவர் உட்காரவே இல்லை, அது முடியும்வரை வழியிலேயே நின்றார். அவருடைய தாத்தா பெயர் தவுக்ஜான் போர்க் கல்லறையில் இருக்கிறது. உடல் கிடைக்காதவர்களுக்காக அங்கே நிறுத்திய ரங்கூன் நினைவுத் தூண்களில் ஏறக்குறைய 27,000 பெயர்கள் செதுக்கியிருக்கிறார்கள். நம் ஆட்களின் பெயர்களைத் தேடிப் படித்துக்கொண்டே போனால் கழுத்து வலிக்கும், அவ்வளவு உயரம், அவ்வளவு வரிசை.

எட்டாவது பகுதியின் கவிதை தோகே சங்கிச்சி எழுதியது. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது அங்கே இருந்தவர், உயிர் தப்பி, 1953இல் முப்பத்தாறு வயதில் இறந்துபோனார். கோபம் கொண்ட தீ என்று தலைப்பு. அதற்கு அடுத்து, ஒன்பதாவதாக வருவது நம் மகாபாரதம்.

இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. தாளுக்கு எழுதும்போது படித்துத் தெரிந்துகொண்டேன். காட்டில் தீ பிடித்து விலங்குகள் எட்டுத் திசையும் ஓடுவதும், குஞ்சைக் கட்டிக்கொண்டே எரிவதும், பறவைகள் சிறகு கருகி விழுவதும் என்று மகாபாரத வரிகளை எடுத்து வைத்திருக்கிறார்கள். படித்ததும் புரிந்துவிட்டது, காண்டவ வனம். என் தாத்தா வில்லிபாரதம் இராகம் போட்டு வாசிப்பார். கிறிஸ்தவர் ஆன பிறகும் அதை விடவில்லை. காண்டவ தகனச் சருக்கம் வரும்போது மட்டும் என் அம்மா எங்களை அடுக்களைக்குக் கூட்டிப்போய்விடுவார். பிள்ளைகள் இராத்திரி அழும் என்று. கண்ணனும் அர்ச்சுனனும் செய்த வீரம் என்று நாம் படித்த கதையை, எரிந்த விலங்கின் பக்கத்திலிருந்து வேல்ஸ்காரர் ஒருவர் கேட்டு, ஹிரோஷிமாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டார். இரண்டும் ஒரே தீ என்று சொல்லாமல் சொல்கிறார். இசையாக இது பூசையிலேயே கஷ்டமான பகுதி. மெட்டு என்று கையில் பிடிக்க எதுவும் கிடைக்காது. பாடகர்கள் இழுத்து, கனத்து, ஓலமாகச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். பிள்ளைகள் இரண்டு பேர் எழுந்து வெளியே போய்விட்டார்கள். அவர்களை நான் தடுக்கவில்லை.

பதினொன்றாவது 'நவ் த கன்ஸ் ஹாவ் ஸ்டாப்ட்'. துப்பாக்கிகள் ஓய்ந்துவிட்டன என்று தனிக்குரல் பாடுகிறது. வரிகளை எழுதியவர் கை வில்சன், அந்த அருங்காட்சியகத்தின் அப்போதைய தலைவர், மற்ற பாட்டு வரிகளைப் பொறுக்கி எடுத்தவரும் அவரே. நான் பிழைத்துவிட்டேன், நீ இல்லை, எனக்கு ஏன் இந்த மகிழ்ச்சி வரவில்லை என்கிற பாட்டு. என் பாட்டியைத்தான் நினைத்தேன். 1941 டிசம்பர் 23இல் ரங்கூனில் ஜப்பான் குண்டு விழுந்த பிறகு ஊரே இந்தியாவுக்கு நடந்தது. பாட்டியின் அண்ணன், எல்லையில் உள்ள தாமு என்ற ஊர் வழியாகப் போகிறேன் என்று புறப்பட்டார். பாட்டிக்கு அப்போது என் பெரியம்மா வயிற்றில், அதனால் போகவில்லை. அவர் போய்ச் சேர்ந்தாரா என்று கடைசிவரை தெரியாது. சாகும்வரை பாட்டி சோறு போட்டு உட்கார்ந்தால் முதல் உருண்டையைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார். யாருக்கு என்று கேட்டால் பதில் வராது. இந்தப் பாட்டு அவ்வளவுதான், அந்த உருண்டைதான்.

இப்போது பெனடிக்டஸ். நான் பல வருஷம் தனியாகக் கேட்டது.

செல்லோ தொடங்கியது. அதே சுரங்கள்தான், ஒன்றும் மாறவில்லை. ஆனால் இதுவரை நான் கேட்டது ஆறுதல். இன்று கேட்டது களைத்துப்போன ஒருவன் முழங்கால் போட்டு எழ முடியாமல் எழுவது. சுரம் ஏறி, தயங்கி, இறங்கி, மறுபடி ஏறுகிறது. வில் திரும்பும் இடத்தில் ஒலி அறுந்துவிடுமோ என்று பயந்தேன், அறவில்லை. பாடகர்கள் 'ஆண்டவர் பெயரால் வருகிறவர் ஆசி பெற்றவர்' என்று நுழையும்போது மூச்சு மாதிரி நுழைகிறார்கள். நடுவில் 'ஓசன்னா' என்று முரசோடு வெடிக்கும் இடம் ஒன்று உண்டு. முன்பெல்லாம் அது வந்தால் கைபேசியில் சத்தத்தைக் குறைப்பேன், அமைதியைக் கெடுக்கிறது என்று. அந்த முரசு 'தூயவர்' பகுதியில் கேட்ட படை முரசுக்குப் பதில் சொல்வதாக இப்போது எனக்குக் கேட்கிறது. அங்கே படையைக் கிளப்பிய முரசு, இங்கே எழுந்து நிற்கச் சொல்கிறது. முந்திய பதினொரு பகுதியும் கேட்காதவருக்கு இது தெரிய வழியில்லை. துக்க வீட்டுக்கு இனியும் இதை அனுப்புவேன், ஆனால் முழுவதையும் ஒருநாள் கேளுங்கள் என்று எழுதி அனுப்புவேன்.

பாடுகிறவர்களின் முகங்களைப் பற்றி. கேமரா அருகே போகும்போதெல்லாம் நான் வாத்தியத்தை மறந்து முகத்தைத்தான் பார்த்தேன். இவர்களில் பெரும்பாலோர் சம்பளப் பாடகர்கள் அல்ல. நம்மைப் போல வேலை முடிந்து, ஏதோ ஒரு கோயில் கூடத்தில் பயிற்சி செய்துவிட்டு வந்தவர்கள். ஒருகாலத்தில் ஒருவரையொருவர் குண்டு போட்ட நாடுகளின் பேரப்பிள்ளைகள் ஒரே தாளைப் பார்த்துப் பாடுகிறார்கள், அதுவும் பெர்லினில். அரங்குக்கு எதிரே நதிக்கரையில் பெர்லின் சுவரின் மிச்சம் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நிற்கிறது, ஈஸ்ட் சைடு கேலரி என்கிறார்கள். அந்தச் சுவரைத் தாண்டி வந்து பாடினார்கள் என்று சாமியார் பிள்ளைகளுக்குச் சொன்னார். ஜென்கின்ஸுக்கு அப்போது எழுபத்து நாலு வயது. நரைத்த நீள முடி, பெரிய மீசை. கையை ஆட்டி ஆர்ப்பாட்டம் செய்யும் நடத்துநர் அல்ல. பாடகர்களை நம்பி விடுகிறவர் போலத் தெரிந்தார்.

2017 நவம்பர் 29இல் திருத்தந்தை பிரான்சிஸ் இங்கே ஜைக்கசான் மைதானத்தில் பூசை வைத்தபோது ஒன்றரை லட்சம் பேர் கூடினோம். விடியற்காலை மூன்று மணிக்கே போய் உட்கார்ந்தோம். கச்சினும் சின்னும் கரேனும் தமிழரும் ஒரே பதிலுரையைப் பாடியது இன்னும் காதில் இருக்கிறது. பெரிய கூட்டத்தின் பாட்டு துல்லியமாக இருக்காது. ஆனால் அதில் நிற்கிறவனுக்கு அது உடம்பில் இறங்கும். பெர்லின் படத்தில் நான் சொன்ன குறையைச் சொல்லிவிட்டு இதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை.

கடைசிப் பகுதி, எப்போதும் போரைவிடச் சமாதானமே மேல் என்று அதே ஆயுத மனிதன் மெட்டில் தொடங்குகிறது. ஆங்கிலக் கவிஞர் டெனிசன் பாடிய மணிகள் வருகின்றன, ஆட்டம் போலத் துள்ளுகிறது. சாமியாருக்கு இது பிடித்தது. எனக்குக் கொஞ்சம் அவசரமாக மகிழ்ந்துவிட்டது போல இருந்தது; பதினோராம் பகுதியின் வலி ஆறுவதற்குள் திருவிழா வந்துவிட்டது. ஆனால் அது முடிந்து வாத்தியங்கள் எல்லாம் நின்று, குரல்கள் மட்டும் தனியாகத் திருவெளிப்பாட்டின் வரியை எடுக்கின்றன: அவர்களுடைய கண்ணீர் அனைத்தையும் அவர் துடைத்துவிடுவார், இனிமேல் சாவு இராது. ஞானப்பாட்டு மாதிரி நேரான நாலு குரல். அந்த மனக்குறை அங்கே போய்விட்டது.

அந்த நேரத்தில்தான் தெருவில் மின்சாரம் வந்தது. வீடு வீடாக "மீ லாப்பி! மீ லாப்பி!" என்று பிள்ளைகள் கத்துவது கூடத்துக்குள் கேட்டது. விளக்குப் போட யாரும் எழவில்லை.

யார் பார்க்கலாம் என்று கேட்டால்: பாடகர் குழு வைத்திருப்பவர்கள் கட்டாயம். குழுவோடு சேர்ந்து, முதலிலிருந்து கடைசிவரை ஒரே அமர்வில், நல்ல ஒலிபெருக்கியில். பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை ஏழு முதல் ஒன்பது பகுதி வரை வெளியே அனுப்பிவிடலாம். பூசையின் நுட்பத்தைப் படிக்க வேண்டுமென்றால் சிறிய குழு பாடிய ஒலிப்பதிவையும் கூடக் கேளுங்கள். இந்தப் படம் அதற்கு ஏற்றதல்ல. இது வேறொன்றுக்காக.

சயாமா அந்தக் கடைசி நாலு குரல் பாட்டைக் காதால் கேட்டே இரண்டு நாளில் சொல்ஃபாவில் எழுதிக் கொடுத்துவிட்டார். தமிழ்ச் சொற்களை நான் பொருத்தியிருக்கிறேன், 'துடைத்துவிடுவார்' என்ற சொல்லுக்கு மட்டும் ஒரு சுரம் கூடுதலாக வேண்டியிருக்கிறது. சனிக்கிழமைகளில் பழகுகிறோம். டெனர் பாகத்தில் பையனுக்குத் துணையாக இப்போதைக்கு நான் உட்கார்ந்திருக்கிறேன்.